பதினாறாவது காகிதம்

9

ரத்தினவேலுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. வெந்நீர் தயாராக இருக்கும்போதே பச்சைத் தண்ணீரில் குளிப்பார், இரண்டு இட்லியோடு எழுந்துவிடுவார், துடைத்த சைக்கிளையே மறுபடியும் துடைப்பார். அந்த வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குள் இவ்வளவும் நடந்து முடிந்துவிட்டன.

வீரம்மாள் அடுக்களை வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் அவர்கள் குடியிருந்த ஓட்டு வீட்டுக்குள் அவள் மூன்று வாரமாகவே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் நடமாடினாள்.

"என்னங்க, இன்னிக்கே துறையூர் போகணுமா? அம்மாதான் பெட்டியில தேடிப் பாத்து அனுப்பறேன்னு சொல்லியிருக்காங்கல்ல?"

"உங்கம்மா மூணு வாரமாத் தேடறாங்க. அந்தப் பெட்டிக்குள்ள ஒரு ஆளே காணாமப் போயிருந்தாலும் இந்நேரம் கெடச்சிருப்பான்."

"பள்ளிக்கூடத்து சர்ட்டிபிகேட்தான் இருக்குதே."

"அது செல்லாதுன்னு கொழும்புலேர்ந்து எழுதிட்டாங்க. எத்தனை தடவை சொல்றது உனக்கு?"

சொல்லத்தான் சொல்லியிருந்தார். உறையூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் டிரில் மாஸ்டர் வேலை பார்க்கிற மனிதர், பையன்களைக் கடல் தாண்டிக் கூட்டிப்போய் இலங்கைப் பள்ளிக்கூடங்களோடு கால்பந்து ஆட வைக்கவேண்டும் என்று இரண்டு வருஷமாக அலைந்துகொண்டிருந்தார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் பன்னிரண்டு நாள். போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். யாழ்ப்பாணத்தில் ஓர் ஆட்டம், கண்டியில் ஒன்று, கொழும்பில் இரண்டு. எந்தப் பையன் யார் வீட்டில் தங்குவான், யாருக்குக் கவுச்சி ஆகாது, யாருக்கு அம்மை ஊசி குத்தினால் காய்ச்சல் வரும் என்பதெல்லாம் அவருடைய நீல நோட்டில் இருந்தது. வெறுங்காலோடு இறங்க அங்கே விடமாட்டார்கள் என்பதால் பதினாறு ஜோடி பூட்ஸ் வந்து, பையன்கள் தினமும் மைதானத்தில் நொண்டி நொண்டிப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

கொழும்புக்காரர்கள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து ஜனவரி முதல் தேதிக்கு முன்னால் பிறந்தவன் எவனும் வரக்கூடாது. அதற்கு அத்தாட்சி, சர்க்கார் பதிவேட்டிலிருந்து எடுத்த பிறப்புச் சான்று. போன வருஷம் எங்கிருந்தோ வந்த ஒரு டீமில் இரண்டு பேர் கல்யாணமானவர்கள் என்று பின்னால் தெரிந்ததாம். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இந்த நிபந்தனைக்கு முதல் பலி கோல்கீப்பர் ஜெகபர் சாதிக். நாற்பத்துநாலு நவம்பரில் பிறந்துவிட்டான். இரண்டே மாதம். வட்டாரத்தில் அவனைப்போல் பந்து பிடிக்க ஆள் கிடையாது. பள்ளிக்கூடமே வந்து சிபாரிசு செய்தது. ரத்தினவேல் யாருக்கும் மசியாமல் போன வாரம் தம் கையாலேயே அவன் பெயரை அடித்துவிட்டு, அந்த இடத்தில் வேறொரு பையனைச் சேர்த்தார்.

மீதி எல்லோருக்கும் காகிதம் வந்து சேர்ந்துவிட்டது. பதினாறாவதுதான் பாக்கி. அந்தப் பதினாறாவது, அவருடைய சொந்த மைத்துனன் பிச்சைமுத்துவினுடையது. இன்று மாலை ஐந்து மணிக்குத் தலைமையாசிரியர் முன்னால் மேலாளர் என்ற முறையில் அவர் வயது உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். நாளைக் காலை பாஸ்போர்ட்டுக்காகக் காகிதக் கட்டு சென்னைக்குப் போகிறது.

பிச்சைமுத்து ஈரத் தலையோடு கூடத்துக்கு வந்தான். நாலாவது பாரம் படிக்கிறான். அப்பா வீரமலை இறந்த பிறகு அக்கா வீட்டோடு வந்துவிட்டவன். பதினாலு வயதுக்கு அநியாய வளர்த்தி. எல்லாம் தன் பயிற்சி என்று ரத்தினவேலுக்கு உள்ளூரப் பெருமை.

போன வாரம் வீரம்மாள் முந்தானையில் ஒரு பிளேடை முடிந்துவந்து தம்பியிடம் கொடுத்தது ஞாபகம் இருக்கலாம். பதினாலு வயதுப் பையனுக்கு எதற்கு பிளேடு என்று ரத்தினவேல் கேட்கவில்லை. மைதானத்தில் கோட்டுக்கு அரை அடி வெளியே பந்து போனால் கண்டுபிடித்துவிடும் கண்ணுக்கு வீட்டுக்குள் நடந்தது தெரியவில்லை.

"மாமா, நானும் துறையூர் வரட்டுமா?"

"நீ எதுக்கு? ஸ்கூலுக்குப் போ. சாயங்காலம் கிரவுண்டுல பாக்கறேன்."

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தாள். ரத்தினவேல் போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கினார்.

* * *

பஸ் மண்ணச்சநல்லூர், திருவெள்ளறை எல்லாம் தாண்டி, வெங்காய மூட்டைகளோடும் வியாபாரிகளோடும் துறையூர் போய்ச் சேர ஒன்பதரை ஆயிற்று. பதிவு அலுவலகத்தில் நல்லுசாமி என்ற கிளார்க் அப்போதுதான் மேஜையைத் தட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். ரத்தினவேல் விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"கொழும்புக்கா! நம்ம தாலூகாப் பையனா! இருங்க, இப்பவே எடுத்துத் தர்றேன்."

பழைய பதிவேட்டைப் புரட்டி, விரலை வரி வரியாக நகர்த்திக்கொண்டு போனார்.

"வீரமலைக்கு ஆண் குழந்தை. ஒன்பது, மார்ச்சு, நாப்பத்தாறு. இதுதானே சார்?"

"இதேதான்." ரத்தினவேலுக்கு அப்பாடா என்றிருந்தது. ஒன்றுமில்லாத விஷயத்துக்கு இந்தப் பெண்கள் மூன்று வாரம் இழுத்தடித்துவிட்டார்களே என்று சிரிப்புக்கூட வந்தது. "பேரைக் காணோமே?"

"பேர் இருக்காது. பேர் வெக்கிறதுக்கு முன்னாடியே மணியக்காரர் பதிஞ்சுடுவாரு. ஆணா பொண்ணா, அப்பன் யாரு, அவ்வளவுதான்." நல்லுசாமி நகல் காகிதத்தை எடுத்து நாலு வார்த்தை எழுதினார். அப்புறம் பேனா நின்றது. "சார், இந்தப் பையன் உங்களுக்கு என்ன வேணும்?"

"மைத்துனன். எங்கிட்டதான் வளர்றான்."

"உசுரோட இருக்கானா?"

"என்னங்க கேள்வி இது? காலைல இட்லி தின்னுட்டு ஸ்கூலுக்குப் போயிருக்கான்."

நல்லுசாமி பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினார். வரியின் ஓரத்தில் சிவப்பு மையில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி இருந்தது.

"எனக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்தவருக்கு ஒரு பழக்கம் சார். சட்டத்துல கிடையாது. ஒரு குழந்தை செத்துப்போனதா இறப்புப் பதிவு வந்தா, அதோட பொறப்பைத் தேடிப் போய் சிவப்பு மையில குறி போட்டுடுவாரு. நான் எத்தனையோ பாத்திருக்கேன். அவரு தப்பாப் போட்டு நான் பாத்ததில்ல."

இன்னொரு பதிவேடு வந்தது. நாற்பத்தெட்டாம் வருஷத்து இறப்புகள். அதில் பெயர் இருந்தது. ஜூன் பதினெட்டு. பிச்சைமுத்து. ஆண். வயது இரண்டு. வாந்திபேதி. தகப்பன் வீரமலை.

ரத்தினவேல் இரண்டு தடவை படித்தார். எழுத்து நன்றாகத்தான் இருந்தது.

கல்யாணப் பேச்சு நடந்தபோது மாமனார் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. எங்களுக்கு மூத்த பையன் ஒருத்தன் இருந்தான் மாப்பிள்ளை, செல்லக்கண்ணுன்னு, வாந்திபேதியில போயிட்டான், இவன் சின்னவன் பிச்சைமுத்து. சொல்லிவிட்டு அந்த மனிதர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுதது நிஜம். பெயர்தான் மாறியிருந்தது.

"வீரமலைக்கு இன்னொரு ஆண் குழந்தை இருக்கா பாருங்க," என்றார் ரத்தினவேல்.

இருந்தது. இருபத்தொன்பது, ஜூலை, நாற்பத்துமூன்று. அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மை இல்லை.

நல்லுசாமி இறப்புப் பதிவேட்டை மூடி ஓரமாக வைத்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார். "வயசைக் குறைச்சுப் போடாத வீடு இந்தப் பக்கம் எது சார்? ஒன்பது வயசுப் பையனை ஒண்ணாம் கிளாஸ்ல உக்கார வெச்சா சிரிப்பாங்க. பின்னாடி சர்க்கார் வேலைக்கும் இடிக்கும். அதனால குறைச்சுடுவாங்க. ஆனா செத்த பிள்ளையோட பொறப்பை எடுத்து…" முடிக்காமல் பேனாவை எடுத்தார். "நகல்ல சிவப்பு மையெல்லாம் வராது. பொறப்பு விவரம் மட்டும்தான் எழுதணும்னு விதி. எழுதி சீல் போட்டுத் தர்றேன். அது பொய்க் காகிதம் இல்ல. அப்புறம் உங்க இஷ்டம்."

சீல் விழுந்தது. ரத்தினவேல் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெளியே வந்து வாசற்படியில் அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். சந்தைக்கு வந்திருந்த மாமியார் ஊர்க்காரர் ஒருவர் அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

* * *

ஸ்ரீரங்கத்தில் வீரம்மாளுக்கு மத்தியானம்வரை ஒரு வேலையும் ஓடவில்லை. அரிசியை இரண்டு தரம் களைந்தாள். பன்னிரண்டு மணிக்கு வாசலில் ஒரு பெண் குரல் கேட்டது.

சாரா பீவி. ஜெகபர் சாதிக்கின் அம்மா. பாலக்கரையிலிருந்து வெயிலில் வந்திருந்தாள். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம்.

"மாஸ்டர் இருக்காங்களா தங்கச்சி?"

"துறையூர் போயிருக்காங்க. உள்ள வாங்க அக்கா."

"இல்லாததே நல்லதாப் போச்சு. அவங்க மொகத்தைப் பாத்து இதைக் குடுக்க எனக்கு வராது." பொட்டலத்தைப் பிரித்தாள். பூட்ஸ். "ஜெகபருக்குக் குடுத்தது. திருப்பிக் குடுக்க அவன் கூச்சப்படறான். விளக்கெண்ணெய் தடவி மூணு நாள் ஊற வெச்சேன். இனிமே கடிக்காது. யாரு பெத்த புள்ள போட்டாலும் கடிக்காது."

வீரம்மாள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எங்கண்ணன் சொன்னாரு, யாரையாவது பிடிச்சு வேற தேதி போட்டு வாங்கிடலாம்னு. நான் சரின்னுதான் இருந்தேன், பொய் சொல்லுவானேன். இந்தப் பையன்தான் ஒத்துக்கல. மாஸ்டர் கையெழுத்துப் போடற காகிதம்மா, நாம தப்பா எழுதி நாளைக்குத் தெரிஞ்சா அவங்க தலை குனியணும்னுட்டான். அவன் நசீபு அவ்வளவுதான்." தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தாள். "உன் தம்பியாவது போயிட்டு வரட்டும். நல்லா ஆடறான்னு ஜெகபர் சொல்லிக்கிட்டே இருப்பான். நான் துவா கேட்டுக்கறேன்."

அவள் தெருக்கோடி திரும்பும்வரை வீரம்மாள் வாசலில் நின்றாள். உள்ளே வந்து பூட்ஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, தம்பி போகவேண்டும் என்ற ஆசையும் அப்படியே இருந்தது. இரண்டும் ஒரே மனதில் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது என்று அர்த்தம்.

* * *

நாலு மணிக்கு ரத்தினவேல் மைதானத்துக்கு வந்தபோது பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பூட்ஸ் போட்டுக்கொண்டு நொண்டாமல் ஓடியவன் ஒருவன்தான். வலது ஓரத்திலிருந்து மூன்று பேரைத் தாண்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தான்.

"செல்லக்கண்ணு!"

அவன் பந்தை மிதித்து நின்றான். மற்றப் பையன்கள் யாரைக் கூப்பிடுகிறார் என்று சுற்றுமுற்றும் பார்த்தார்கள். அவன் பந்தை விட்டுவிட்டு மெல்ல நடந்து வந்தான்.

ரத்தினவேல் அவனைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"எப்பலேர்ந்துடா?"

"ஒண்ணாம் கிளாஸ்ல சேத்த அன்னிலேர்ந்து மாமா. அதுவரைக்கும் மாடு மேச்சுட்டிருந்தேன். அப்பா வழியெல்லாம் சொல்லிக் குடுத்துக்கிட்டே வந்தாரு. வாத்தியார் பேரு கேட்டா தம்பி பேரைச் சொல்லுடான்னு."

"எங்கிட்ட ஏண்டா சொல்லல? அஞ்சு வருஷமா உங்க வீட்டு மாப்பிள்ளை நான்."

"மாப்பிள்ளைக்குத் தெரியக்கூடாதுன்னு அம்மா கையில அடிச்சு சத்தியம் வாங்கினாங்க. அக்காகிட்டயும் வாங்கினாங்க."

ரத்தினவேல் பையிலிருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்தார். அதைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. பஸ்ஸில் வரும்போது மண்ணச்சநல்லூர்வரை அப்படித்தான் முடிவு செய்திருந்தார். அப்புறம் முடியாது என்று தெரிந்தது. வேறு ஒரு வழி யோசித்து வைத்திருந்தார்.

"உன்னைக் கூட்டிட்டுப் போக முடியாதுடா. ஆனா ஏன்னு யாருக்கும் தெரிய வேண்டாம். முட்டியில அடி, டாக்டர் ஆடக்கூடாதுன்னுட்டாருன்னு ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லிடறேன். உன் படிப்பு பாட்டுக்கு நடக்கட்டும். ரெண்டு வருஷத்துல எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சுடு."

அவன் அழுவான் என்று எதிர்பார்த்தார். அவன் அழவில்லை.

"சரி மாமா. ஜெகபருக்கு ரெண்டே மாசம். எனக்கு ஒண்ணரை வருஷம். ஒரு வாரமா அவன் மூஞ்சியைப் பாத்துப் பேச முடியல எனக்கு."

பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்பறைப் பக்கம் போனான். போகும்போதே வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நொண்ட ஆரம்பித்துவிட்டான். பொய்யைச் சொல்லிக்கொடுத்தால் இந்த வீட்டுப் பிள்ளைகள் எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள்!

* * *

தலைமையாசிரியர் அருள்நாதன் எதிரே பதினைந்து காகிதங்களையும் பரப்பி வைத்துக்கொண்டு நல்ல சந்தோஷத்தில் இருந்தார்.

"வாங்க ரத்தினவேல், உக்காருங்க. கொழும்புக்கு நான் எழுதியிருக்கிற லெட்டரைக் கொஞ்சம் கேளுங்க. உங்களைப் பத்தி ரெண்டு வரி போட்டிருக்கேன்."

"அப்புறம் படிக்கலாம் சார். ஒரு விஷயம். பையனுக்கு முட்டி…"

"இருங்கய்யா, கேளுங்க முதல்ல." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "எங்கள் குழுவின் மேலாளர், தமது அணியின் ஆகச் சிறந்த கோல்காவலனை, இரண்டே மாத வித்தியாசத்துக்காகத் தம் கையாலேயே நீக்கியவர். அவர் கையெழுத்திட்ட வயதைத் தாங்கள் சந்தேகிக்க வேண்டியதில்லை." நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "எப்படி?"

திட்டினால் தாங்கக்கூடிய மனிதர் ரத்தினவேல். இப்படிப் பாராட்டினால் என்ன செய்வதென்று தெரியவில்லை. முட்டி என்ற வார்த்தை அப்படியே நின்றுவிட்டது.

"சார், பதினாறாவது பேரை அடிச்சுடுங்க."

"ஏன்? காகிதம் கெடைக்கலியா?"

"கெடச்சுது." எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அருள்நாதன் படித்துப் பார்த்தார். "சரியாத்தானே இருக்கு? நாப்பத்தாறு மார்ச்."

"தேதி சரி சார். பையன்தான் வேற."

எல்லாவற்றையும் சொன்னார். பெயர், வருஷம், வாந்திபேதி, சிவப்பு மை. சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அருள்நாதன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் நல்லவர்தான். அதனால்தான் அவருக்குக் கோபம் வந்தது.

"இதை ஏன்யா எங்கிட்ட வந்து சொன்னீங்க?"

ரத்தினவேல் மேஜைமேல் கிடந்த அந்தக் காகிதத்தைப் பார்த்தார்.

"நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டீங்க. இனிமே நான் சும்மா இருக்க முடியுமா? டூர் ஒரு பக்கம் இருக்கட்டும். நம்ம ரெக்கார்டுல இருக்கறது செத்துப்போன பையன். நாலாவது பாரம்வரைக்கும் ஒரு செத்த பையனுக்கு பிரசென்ட் போட்டு பாஸ் போட்டிருக்கோம். டி.இ.ஓ.வுக்கு நான் எழுதியாகணும். பேரை வெட்டுன்னு அவர் சொன்னா வெட்டணும். உசுரோட இருக்கறவன் ஒரு பள்ளிக்கூடத்துலயும் சேந்ததே இல்லன்னு ஆயிடும். எஸ்.எஸ்.எல்.சி. எழுத விடுவாங்களா?"

"தெரியல சார்."

"எனக்கும் தெரியல." உறுதிமொழிக் காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தவே இல்லை. பதினைந்து காகிதங்களையும் சேர்த்துக் கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டினார். "மேலாளர் வீட்டுலயே இப்படின்னா மீதிப் பதினஞ்சும் சரிதானான்னு டி.இ.ஓ. கேப்பாரு. கட்டு நாளைக்கு சென்னை போகாது. காலைல பத்து மணிக்குப் பையனையும் அவன் அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. அவங்க வாயால சொல்லட்டும்."

* * *

பொழுது சாயும் நேரத்துக்கு ரத்தினவேல் வீடு வந்து சேர்ந்தார். வாசலில் மாமியாரின் செருப்பு கிடந்தது. மாப்பிள்ளை ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் நின்றார் என்று சந்தையிலிருந்து திரும்பியவர் சொன்னதும், வேலம்மாள் போட்டது போட்டபடி பஸ் ஏறிவிட்டாள்.

பையன் கொல்லையில் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தான். வேலம்மாள் மாப்பிள்ளை எதிரில் நின்று பேசிப் பழக்கமில்லாதவள். அறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

ரத்தினவேல் சட்டையைக்கூடக் கழற்றாமல் நடந்ததைச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. மறைக்கத் தெரிந்திருந்தால் இந்த அத்தியாயமே வேறு மாதிரி போயிருக்கும்.

வீரம்மாள் கேட்டு முடிக்கும்வரை பொறுமையாக இருந்தாள்.

"முட்டி வலின்னு சொல்லப்போறேன்னுதானே தம்பிகிட்ட சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அவன் வீடு வரைக்கும் நொண்டிக்கிட்டே வந்தான். தெரியுமா உங்களுக்கு? யாராவது பாத்துடுவாங்கன்னு காவேரிப் பாலம் முழுக்க நொண்டிக்கிட்டே வந்திருக்கான். நீங்க சொன்னதுக்காக. உங்களால ஒரு வார்த்தை சொல்ல முடியலியா?"

"முடியல வீரம்மா."

"அவன் படிப்பு போச்சு. அந்த ஜெகபரும் போகப்போறதில்ல, மீதி பேரும் போவாங்களான்னு தெரியல. யாருக்கு என்ன லாபம்? உங்க பேரு மட்டும் நின்னுச்சு."

அவருக்கு அது சுருக்கென்று தைத்தது. அதில் பாதியாவது உண்மை என்று அவருக்கே தெரியும். சிவப்பு மையைப் பார்த்ததிலிருந்து அவர் மனதில் வலித்தது எது, பையனின் எதிர்காலமா, தம்முடைய கையெழுத்தா என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்லியிருக்கமாட்டார். நேர்மையான மனிதர்களோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்குத்தான் அதன் பாரம் தெரியும்.

"நீயும்தானே மறைச்சே," என்றார் கடைசியில். "அஞ்சு வருஷம்."

"ஆமா. இன்னும் அம்பது வருஷம் மறைச்சிருப்பேன்."

கதவுக்குப் பின்னாலிருந்து வேலம்மாளின் குரல் வந்தது. "அவளைத் திட்டாதீங்க மாப்பிள்ளை. எல்லாத்துக்கும் காரணம் நாங்கதான். பெரியவனைப் பள்ளிக்கூடம் அனுப்பணும்னு ஒன்பது வயசுக்கு அப்புறம்தான் அவருக்குத் தோணுச்சு. சின்னவன் தேதி சும்மாத்தானே கெடக்குதுன்னாரு. எனக்கும் அப்ப தப்பாத் தெரியல. போனவன் பேரு ஒருத்தனைக் கரையேத்தினா சரின்னு இருந்துட்டேன்."

வீரம்மாள் விளக்கேற்றக்கூட மறந்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கு நான் வந்து அந்த ஐயாகிட்ட என்ன சொல்லணும் மாப்பிள்ளை?"

"நடந்ததைச் சொன்னாப் போதும். சின்னவன் இறந்துட்டான், இவன் பெரியவன். அவ்வளவுதான்."

"பேரு சொல்லணுமா?"

"சொல்லணும். எழுதிக் கைநாட்டு வாங்குவாங்க. பிச்சைமுத்து செத்துப்போயிட்டான்னு உங்க வாயால சொல்லணும்."

வேலம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். "பிச்சைமுத்து…" அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும் ஆரம்பித்தாள். "பிச்சைமுத்து செத்து…"

எட்டு வருஷமாக அவள் அந்தப் பெயரைச் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாள், திட்டியிருக்கிறாள், திருஷ்டி சுற்றியிருக்கிறாள். பெயருக்குரியவனை நினைத்து ஒரு நாள் வாய்விட்டு அழ முடிந்ததில்லை. கேட்கிறவர்கள், குத்துக்கல்லாட்டம் பிள்ளை எதிரே நிற்க ஏன் அழுகிறாய் என்பார்கள். ஆடி அமாவாசைக்கு ஓர் உருண்டை சோறு வைக்கவும் வழியில்லாமல் போயிற்று. இரண்டு வயதில் ஒரே இரவில் போன பிள்ளை. அவன் இறந்த சேதியை அவள் இன்றைக்குத்தான் சொல்ல ஆரம்பிக்கிறாள்.

"ஐயோ பிச்சைமுத்து!" என்று கதவோடு சரிந்து உட்கார்ந்து கத்தினாள். "பிச்சைமுத்து! என் பிச்சைமுத்து!"

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படியான அழுகை. ரத்தினவேல் எழுந்து நின்றார். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் போக அவருக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

கொல்லையிலிருந்து பையன் ஈரக் காலோடு ஓடி வந்தான்.

"என்னம்மா? என்னம்மா, இங்கதான் இருக்கேன்!"

வேலம்மாள் நிமிரவில்லை. அவனைத் தாண்டி எங்கேயோ பார்த்து அந்தப் பெயரையே சொல்லி அழுதுகொண்டிருந்தாள். அவன் குனிந்து அவள் தோளைத் தொடப் போனான். வீரம்மாள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உன்னை இல்லடா," என்றாள்.